எழுபத்தாறு பச்சை டிக்குகள்

சௌந்திரம் ஓடி நான் பார்த்ததில்லை. வேகமாக நடப்பாள், நடந்துகொண்டே சாப்பிடுவாள், நடந்துகொண்டே சண்டையும் போடுவாள். ஆனால் ஓட மாட்டாள். "பெரியவிங்க படுத்திருக்கற எடத்துல ஓடுனா அவிங்களுக்குப் படபடப்பு வந்துருமுங்க" என்பது அவள் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளே உடைத்தாள். கையில் டேப்லெட் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலிகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து, வராந்தா முழுக்கச் செருப்புச் சத்தம் கேட்க என் அறைக்கு ஓடி வந்தாள். யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் இடத்தில் யாராவது ஓடினால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

"மேடம், எறங்குதுங்க! எறங்குது பாருங்க!"

"என்னம்மா இறங்குது? யாருக்கு? பிரஷரா?"

"எடைங்க! சென்னிமலை ஐயாவுக்குச் சோறு நூறு நூறுன்னு போவுது, எடை எறங்கிக்கிட்டே போவுது! ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்குதுங்க!"

அவள் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்தபோது பிடிக்கவில்லை. அதையெல்லாம் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கும் விளங்கும்.

நான் சூரமங்கலத்தில் ரயில்வே அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கோப்பு தள்ளியவள். ஓய்வு பெற்ற ஆறே மாதத்தில் வீட்டில் எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டேன். அவர்களே என்னை இந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள், மேனேஜர் வேலைக்கு. கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது எங்கள் இல்லம். முப்பத்திரண்டு கட்டில்கள், பதினோரு பணியாளர்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் டாக்டர் நவநீதகிருஷ்ணன் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

சௌந்திரம் பகல் ஷிப்டின் மூத்த உதவியாளர். ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பத்தாவது முடித்ததும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போய் ஆறு வருடம் அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டாள். வலது ஆள்காட்டி விரலின் நுனியை அந்த மில்லிலேயே விட்டுவிட்டு வந்தாள். வீட்டுக்காரர் போர் போடும் ரிக் வண்டி டிரைவர். வருடத்தில் ஒன்பது மாதம் சத்தீஸ்கர், ஒடிசா என்று எங்காவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். மகள் தீபிகாவைக் கல்லூரிக்கு அனுப்பிய கையோடு, முப்பத்தெட்டு வயதில், நோயாளிப் பராமரிப்புக்கு ஆறு மாதப் பயிற்சி படித்துச் சான்றிதழ் வாங்கினாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது. "அவிங்கள்லாம் என்னைய அத்தைன்னு கூப்புட்டாங்க, ஆனா பரிச்சைல என்ற பேப்பரப் பாத்துத்தான் எழுதுனாங்க" என்று சொல்லிவிட்டு வராந்தா அதிரச் சிரிப்பாள்.

சித்திரை மாதத்தில் எங்கள் முதலாளி நோட்டுப் புத்தகங்களை எல்லாம் ஒழித்துவிட்டு ஆறு டேப்லெட் வாங்கிப்போட்டார். யாருக்கு என்ன மருந்து, எத்தனை மணிக்கு, பிரஷர் எவ்வளவு, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று எல்லாவற்றையும் இனி அதில்தான் பதிய வேண்டும். எனக்கு அதைத் தொடவே பயம். சௌந்திரத்துக்கோ திருவிழா! புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகாத ஊர் இது. அவள் ஆறு டேப்லெட்டையும் மேசையில் வரிசையாக நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டினாள். ஒரு பொட்டு கேமராவின் மேலேயே விழுந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் அந்த டேப்லெட்டில் எடுத்த பெரியவர்களின் படங்கள் எல்லாம் செவ்வாய் கிரகத்திலிருந்து வந்த மாதிரி இருந்தன.

மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். ஆள்காட்டி விரல் சரியாக வேலை செய்யாததால் நடுவிரலால் தட்டுவாள், மழை பெய்வது மாதிரி. நான் ஒரு பெயரைத் தேடி எடுப்பதற்குள் அவள் நான்கு பேருக்கு மருந்து பதிந்து முடித்திருப்பாள்.

அந்தத் திரையில் சாப்பாட்டுப் பக்கம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பெரியவரின் பெயருக்கும் ஒரு கட்டம். தட்டில் எவ்வளவு போனது என்று பூஜ்யம், இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து, நூறு என ஐந்தில் ஒன்றை அழுத்த வேண்டும். நூறு போட்டால் பச்சை டிக். குறைந்தால் மஞ்சள். சாப்பாட்டு நேரம் முடிந்து அரை மணிக்குள் எதையும் அழுத்தவில்லை என்றால் சிவப்பு. ஊரில் இருக்கும் பிள்ளைகளும் தங்கள் போனில் இதைப் பார்க்கலாம். எனக்குச் சிவப்பைக் கண்டாலே ரயில் நின்றுபோன மாதிரி பதற்றம். ஆகவே மாதக் கடைசியில் யார் பக்கம் எவ்வளவு பச்சை என்று கணக்கெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். மூன்று மாதமாக முதல் பெயர் சௌந்திரம், நூற்றுக்கு நூறு. அவளைவிட நான்தான் அதைப் பெருமையாக எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பதினோரு பேருக்கு அவள் ஒருத்தி. டிபன் தட்டுகள் போன பிறகு வரிசையாக ஒவ்வொரு கட்டிலாகப் போவாள். "சாப்பிட்டாச்சுங்களா?" என்பாள். "ஆச்சுங்க" என்று பதில் வரும். பச்சை. அடுத்த கட்டில். "சாப்பிட்டாச்சுங்களா?" "ஆச்சுங்க." பச்சை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதில் தப்பே தெரியாது. இங்கே அது கேள்வியே இல்லை, மரியாதை. வழியில் பார்த்தால், வாசலில் நின்றால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் முதலில் கேட்பது அதுதான். பதிலும் ஒன்றுதான். மூன்று நாள் பட்டினி கிடப்பவரும் "ஆச்சுங்க" என்றுதான் சொல்வார். இல்லை என்றால் கேட்டவர் சோறு போட வேண்டி வருமே, அவரை எதற்குச் சங்கடப்படுத்துவது? அந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கி நாங்கள் கம்ப்யூட்டருக்குள் போட்டுவிட்டோம். அதற்கு மரியாதை தெரியாது, நம்பிவிட்டது.

சென்னிமலை ஐயா ஆனி மாதம் வந்தார். எழுபத்தொன்பது வயது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போட்ட விவசாயி. மனைவி இறந்து மூன்று வருடம். கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, ஆபரேஷன் ஆனபிறகு நடக்க முடியவில்லை. ஒரே மகன் சரவணமுத்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருவார், தினமும் ராத்திரி போன் பேசுவார். ஐயாவுக்கு சர்க்கரை வியாதி உண்டு. காலையில் டிபனோடு ஒரு மாத்திரை. வந்த புதிதில் வார்டே அவரால் கலகலப்பானது. சௌந்திரம் தன் ஊர்க்காரி என்று தெரிந்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அம்மிணி, ஏரில தண்ணி இருக்குதா? மஞ்ச என்ன வெலை போவுது?" என்று அவளைப் பார்த்தபோதெல்லாம் கேட்பார்.

மூன்று வாரம் போனதும் ஆள் மாறினார். காலையில் தெளிவாக இருப்பார். பதினோரு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டும், கண் எங்கோ போகும். "மோட்டாரப் போட்டுட்டு வந்துட்டேன், கரண்டு போயிரும், உடுங்க என்னைய" என்று கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். ஒருநாள் என்னைத் தன் மனைவி என்று நினைத்து, எருமைக்குத் தண்ணி காட்டவில்லை என்று அரை மணி நேரம் திட்டினார். எங்கள் ஆண் உதவியாளர் மாரியப்பன் விரைந்து போய்ப் பிடித்து உட்கார வைத்து, தெம்புக்கு என்று சர்க்கரை போட்டு ஒரு டீ கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவார். டீயில் இருந்த சர்க்கரையைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் யோசனை போகவில்லை.

சௌந்திரம் ஓடி வந்த புதன்கிழமை என்றேனே, அதற்கு முந்தைய நாள் செவ்வாய். டாக்டர் வந்து ஐயாவைப் பார்த்தார். "மறதி நோய் முத்திட்டு வருது. இவர் தானா எந்திரிச்சு இன்னொருவாட்டி விழுந்தா, படுத்த படுக்கைதான். பூட்டுப் போட்ட வார்டு இருக்கற இடத்துக்கு மாத்தறதுதான் நல்லது" என்றார். போகும்போது ஒரு கேள்வி கேட்டார். "சாப்பாடெல்லாம் எப்படி?" நான் துள்ளிக்கொண்டு திரையைத் திறந்து காட்டினேன். மேலிருந்து கீழே வரை பச்சை, சௌந்திரத்தின் பெயரோடு. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை கார் வைத்துக்கொண்டு வந்து அழைத்துப் போவதாக சரவணமுத்து போனில் சொன்னார்.

சௌந்திரம் அன்று சாப்பிடவே இல்லை. "காத்தால ஒம்பது மணிக்கு எங்கிட்ட மஞ்ச வெலை கேக்கறாருங்க மேடம். நேத்திக்கி சொன்ன வெலைய ஞாபகம் வெச்சு, எரநூறு கொறஞ்சு போச்சான்னு கேக்கறாரு. மறதிக்காரரு கேக்கற கேள்வியாங்க அது? அவரக் கொண்டுபோயிப் பூட்டுனா செத்துருவாருங்க!" என்று என் மேசையைத் தட்டினாள். டாக்டரைவிட உனக்குத் தெரியுமா என்று நான் கடிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை, மாற்றலுக்குச் சேர்த்து அனுப்ப வேண்டிய சுருக்கப் பக்கத்தை எடுக்க அவளை அனுப்பினேன். ஒருவருடைய எல்லா விவரமும் அந்த ஒரு பக்கத்தில் வந்துவிடும். அதுவரை யாரும் திறந்ததில்லை. நோட்டுப் புத்தகக் காலத்தில் சாப்பாட்டு நோட்டு சமையலறையில் கிடக்கும். எடை நோட்டு உடற்பயிற்சி அறையில், ஆடும் மேசையின் காலுக்கு அடியில் கிடக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே கிடையாது. இப்போது முதல் தடவையாக ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக வந்து நின்றன. மேலே நூறு, நூறு, நூறு. கீழே எடை: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறரை, ஐம்பத்து நாலு, ஐம்பத்திரண்டரை. அதைப் பார்த்துவிட்டுத்தான் சௌந்திரம் ஓடி வந்தாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் எடை மெஷின் கோளாறு என்றேன். உடனே என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதன் மேல் ஏற்றினாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது. அந்த எண்ணை இங்கே எழுதத் தேவையில்லை.

"அப்பச் சோத்துலதானுங்க கோளாறு" என்றாள் சௌந்திரம். கண்கள் பளபளத்தன. திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ மேடம், எங்க ஊட்டுக்காரரு ரிக்குல எத்தன அடி எறங்கியிருக்குதுன்னு ஆரையும் கேக்க மாட்டாங்க. ராடு எண்ணுவாங்க. ஒரு ராடு இருவது அடி. வெளிய கெடக்கற ராட எண்ணுனா உள்ள போனது தெரிஞ்சுரும். கேட்டா அவனவன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான்னு அவரே சொல்லுவாரு. நானு ராட எண்ணாம ஆளக் கேட்டுப்போட்டு வந்திருக்கறனுங்க!"

அன்று மதியம் அவள் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து போர்வை மடிப்பதுபோல நடித்தாள். ஐயாவுக்குத் தட்டு வந்தது. நன்றாகப் பிசைந்தார். இரண்டு வாய் போட்டார். மீதியைத் தட்டின் ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி, மேலே அப்பளத்தை வைத்து மூடினார். அவள் சொல்லி வைத்தபடி வாசலிலிருந்து மாரியப்பன், "சாப்பிட்டாச்சா ஐயா?" என்றார். "ஆச்சுங்க" என்றார் ஐயா, வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டே. தட்டு போனது. சௌந்திரம் பின்னாலேயே போய்ச் சமையலறைத் தராசில் வைத்தாள். முக்கால்வாசிச் சோறு அப்படியே இருந்தது. டேப்லெட்டைத் திறந்து இருபத்தைந்தை அழுத்தினாள். பச்சைக்கு நடுவில் முதல் மஞ்சள்.

வியாழக்கிழமை டிபனுக்கு நான்கு இட்லியில் அரை இட்லி போனது. மாத்திரை மட்டும் முழுசாகப் போயிருந்தது. பத்தரையிலிருந்தே சௌந்திரம் சர்க்கரை பார்க்கும் கருவியை வைத்துக்கொண்டு கட்டில் அருகில் நின்றாள். நானும் நின்றேன். பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐயாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. "மோட்டாரு..." என்று ஆரம்பித்தார். விரல் நுனியில் குத்தினாள். கருவி ஐந்து நொடி யோசித்தது. எனக்கு அது ஐந்து வருடமாக இருந்தது.

"அம்பத்தி நாலு!" என்று கத்தினாள். "மேடம், அம்பத்தி நாலுங்க! இது மறதி இல்லீங்க, சர்க்கர எறங்கிப் போச்சு!" கத்திக்கொண்டே சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயில் வைத்தாள். பத்து நிமிடத்தில் ஐயா நிமிர்ந்து எங்களைப் பார்த்து, "எதுக்கு ரெண்டு பேரும் இப்படி நின்னுக்கிட்டு இருக்கறீங்க?" என்று கேட்டார். மாரியப்பன் சிரித்துவிட்டார். நான் இந்த வயதிலும் கை தட்டினேன்.

சோற்றை நம்பிக் கொடுக்கும் மாத்திரை அது. சோறு போகாமல் அது மட்டும் போனால் சர்க்கரை தரைக்கு இறங்கும், ஆள் உளறுவார், வேர்ப்பார், விழுவார். இவ்வளவுதான் விஷயம்! உடனே டாக்டருக்குப் போன் செய்தேன். "மாத்திரையை இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். அடுத்ததாக, "ஆனா நல்லா சாப்பிடறவருக்கு எப்படி இவ்வளவு குறையும்? அப்ப உள்ள வேற ஏதோ பெரிசா இருக்கு. கட்டாயம் அனுப்பித்தான் ஆகணும்" என்றார்.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் சாப்பிடவில்லை டாக்டர், நாங்கள் பார்க்காமல் போட்ட பச்சை அது என்று. முப்பத்திரண்டு பேரின் பிள்ளைகளும் போனில் பார்க்கும் பச்சை அது. நானே பலகையில் ஒட்டிய நூற்றுக்கு நூறு. "சரிங்க டாக்டர்" என்று போனை வைத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் சோற்றையே மறைத்தேன். சௌந்திரம் என் எதிரில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மதியம் அவள் ஐயாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "ஏனுங்கய்யா, ஏன் சாப்பிட மாட்டீங்கறீங்க? எங்கிட்டச் சொல்லுங்க. இல்லாட்டி நாளைக்கி உங்களப் பூட்டு வார்டுக்கு அனுப்பிருவாங்க."

யாராவது வருகிறார்களா என்று ஐயா வாசல் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"மேல போட்டாக் கீழ எறங்குமில்ல அம்மிணி. நானா எந்திரிச்சுப் போவ முடியாது. நீங்கதான் தூக்கோணும், நீங்கதான் கழுவோணும். எம்பட மருமவ வயசு உனக்கு. உன்னையக் கூப்புட்டு அந்த வேலையச் செய்யச் சொல்ல எனக்கு வாய் வல்லீங்க. அதுக்குப் பட்டினி தேவலைன்னு உட்டுட்டேன்."

சௌந்திரம் என் அறைக்கு வந்து இதைச் சொன்னபோது அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இதுக்குப் போயி ஒரு மனுசன் அஞ்சரைக் கிலோ எளச்சுப் போனாருங்க! மாரியப்பன் அண்ணன அவரு பக்கத்துக்கு மாத்திப் போட்டா முடிஞ்சுது!" மாரியப்பன் மறு வார்டில் வேலை பார்ப்பவர், சத்தம் கேட்டால் மட்டும் இங்கே வருவார். மறு பேச்சில்லாமல், "நாளைக்கு விடிகாலையிலருந்தே நான் பாத்துக்கறேன் மேடம்" என்றார். ஒரே ஒரு ஷிப்ட் மாற்றம். வெள்ளிக்கிழமை காலை ஐயா மூன்று இட்லி சாப்பிட்டார். சௌந்திரம் தட்டைப் பார்த்து எழுபத்தைந்து போட்டாள்.

ஆனாலும் கார் வந்துவிட்டது. ஒன்பதரைக்கு சரவணமுத்து உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும், ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்த முகம். ஐயாவின் பை கட்டிலின் மேல் கட்டித் தயாராக இருந்தது. டாக்டர் மாற்றல் தாளை மேசையில் விரித்து, "சர்க்கரை காரணமில்லாமல் குறைகிறது" என்று எழுதப் பேனாவைத் திறந்தார். சௌந்திரம் முன்னால் வந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. அவள் கையை உதறிக்கொண்டாள்.

"காரணம் இருக்குதுங்க டாக்டர். அந்தப் பச்சையெல்லாம் பொய்யிங்க."

டாக்டர் நிமிர்ந்தார்.

"நான் தட்டப் பாக்கலீங்க. சாப்பிட்டாச்சுங்களான்னு கேட்டேன், ஆச்சுங்கன்னாரு, போட்டுட்டேன். அவரு சாப்பிடவே இல்லீங்க. முப்பத்தெட்டு நாளு, காத்தாலயும் மத்தியானமும். எழுபத்தாறு வாட்டி. எண்ணிப் பாத்துட்டேனுங்க."

டாக்டர் டேப்லெட்டை வாங்கினார். எடையைப் பார்த்தார், வியாழக்கிழமை ஐம்பத்து நாலைப் பார்த்தார், புதிதாக வந்திருந்த மஞ்சளையும் பார்த்தார். விரலால் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "நானும் சாப்பாட்டைத் திரையில பாத்தேனே தவிர, தட்டுல பாக்கலை. இவருக்கு மறதியே இல்லாம இருக்கலாம். ரெண்டு வாரம் மாத்திரை இல்லாம, வயிறு நிறையச் சாப்பிட வச்சுப் பாப்போம். காரைத் திருப்பி அனுப்புங்க" என்றார்.

மாரியப்பன் வராந்தாவிலிருந்தே ஐயாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினார். ஐயா கட்டிலில் உட்கார்ந்தபடியே, கட்டி வைத்திருந்த பையை இழுத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை. சரவணமுத்துவைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் அடங்கியது.

அவர் தன் போனைக் கையில் வைத்திருந்தார். "தெனமும் இந்தப் பச்சையப் பாத்துட்டுத்தாங்க நான் வேலைக்குப் போவேன்" என்றார் சௌந்திரத்திடம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அப்பா சாப்பிட்டாருன்னு நெனச்சுத்தானுங்க நான் சாப்பிட உக்காருவேன்."

"தப்புத்தானுங்க" என்றாள் சௌந்திரம். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அவள் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒருமுறை பதிந்ததை அழிக்க முடியாது. திருத்தலாம். பழையது கோடு போட்டு அப்படியே இருக்கும், பக்கத்தில் காரணமும் திருத்தியவர் பெயரும் நிற்கும். மொத்தமாகச் செய்ய வழி இருக்கிறதா என்று கம்பெனிக்குப் போன் செய்து கேட்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். முதல் நாள் காலை டிபனைத் திறந்தாள். நூறை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் தட்டினாள்: "தட்டைப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டுப் போட்டேன். சௌந்திரம்." அடுத்து மதியச் சாப்பாடு. அதே வரி. நகல் எடுத்து ஒட்டலாம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் முழுசாகத் தட்டினாள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் வீட்டாரின் போனில் மணி அடிக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வராந்தாவில் டிங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிங். பத்து, இருபது, முப்பது. அறிவிப்புப் பலகையில் நான் ஒட்டிய தாளை எழுந்து போய்க் கிழித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். டிங் நிற்கவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியபோது சரவணமுத்து வாசலில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன.

"போதுங்கக்கா."

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்குதுங்க" என்றாள் சௌந்திரம், தலையைத் தூக்காமல்.

அவர் போகவில்லை. என் எதிரில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானும் தெனம் ராத்திரி போன் போட்டு, சாப்பிட்டீங்களாப்பான்னு கேப்பனுங்க. ஆச்சு சாமின்னுவாரு. செரீன்னு வெச்சுருவேன். இங்க வந்த பொறவு இல்லீங்க. அம்மா போனதுலருந்தே, மூணு வருசமா. ஊட்டுல அவரு தனியாத்தான் இருந்தாரு." போனை அவள் பக்கம் நீட்டினார். "அதையெல்லாம் நான் எதுலீங்கக்கா திருத்தறது?"

சௌந்திரத்தின் விரல் நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பன்னண்டரை ஆவப் போவுதுங்க. தட்டு வந்துரும். போயி அவரு பக்கத்துல உக்காருங்க."

சரவணமுத்து போனை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார். சௌந்திரம் நாற்பத்தாறாவதைத் திறந்தாள்.